வேடையிளை

போன வாரம் பெரியவளை எங்கே விட்டோம்? ஜன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்போனோடு, திரைக்கு முன்னால். ஒரு வாரம் கழித்து வந்து எட்டிப் பார்த்தாலும் அங்கேயேதான் இருக்கிறாள். அவளை எப்போது தேடினாலும் அங்கேதான் இருப்பாள். அவள் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியவளின் வேலை, திருட்டுப் படம் பார்ப்பது. ஊரெல்லாம் ரகசியமாகச் செய்வதை இவள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறாள். தியேட்டரில் ஓடும் படத்தை யாராவது களவாகப் பதிவு செய்து இணையத்தில் போட்டால், அது எந்தத் தியேட்டரில், எந்த இருக்கையிலிருந்து, யாரால் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கம்பெனி அவளுடையது. கண்டுபிடித்ததும் போலீஸ், வழக்கு, ஜெயில். படத்தைப் போட்டவன் மட்டுமல்ல, தியேட்டருக்குள் கேமராவை வைத்திருந்தவரும் குற்றவாளிதான் என்கிறது சட்டம்.

அவளுக்கு ஒரு தம்பி. சின்னவன். முன்பு செல்போன் கடை வைத்திருந்தான். வருகிறவர் போனில் எல்லாம் புதுப்படம் ஏற்றிக் கொடுத்தான். அந்தக் கடையைப் பற்றி ரிப்போர்ட் எழுதியவள் சொந்த அக்கா. கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். இன்னொரு தடவை மாட்டினால் வெளியே வர முடியாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். அம்மா சின்னவனோடு போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அப்படிப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிடுவது ரொம்பக் கஷ்டம். பெரியவள் கூப்பிடவும் இல்லை.

இப்போது கதைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை காலையில் வந்த படம் அன்று மாலையே இணையத்தில் வந்துவிட்டது. தயாரிப்பாளர் ஆபீஸுக்கே வந்து வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. டீ கொடுத்தால் குடிக்கவில்லை. போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று எல்லோரும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள்.

ஒவ்வொரு தியேட்டருக்கும் போகும் படப் பிரதியில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள் இருக்கும். திருட்டுப் பிரதியிலும் அவை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கம்ப்யூட்டர் அவற்றைப் படித்து, எந்தத் தியேட்டர், எந்த அரங்கு, எந்தக் காட்சி என்று சொல்லிவிட்டது. முதல் நாள், முதல் காட்சி. அதற்கு மேல் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இருக்கையையும் ஆளையும் மனிதர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கேதான் பெரியவள் வருகிறாள். ஆபீஸில் அவளுக்குப் பெயர் காதம்மா. படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பின்னால் கேமராவுக்குப் பக்கத்தில் கேட்கும் சத்தங்களை மட்டும் பொறுக்கி எடுப்பாள். இருமல், செருமல், போன் அதிர்வது, பொட்டலம் பிரிப்பது. யாருடன் யார் வந்திருக்கிறார்கள், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் படம் பிடிக்காமல் நெளிகிறார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு படத்தைப் பத்துத் தடவை, ஒரு கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கிறாள். கூட்டம் சிரித்தால் சில சமயம் அவளும் சிரித்துவிடுவாள். ஹெட்போனைக் கழற்றினால் ஏசி மெஷின் சத்தம் மட்டும் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தில் வில்லன் கதாநாயகியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இசை ஏறுகிறது. திரை கறுக்கப் போகிறது. அப்போது கேமராவுக்கு மிக அருகில், ஒரு பெண் குரல் மெல்லச் சொன்னது.

"வேடையிளை."

பெரியவளின் கை நின்றுவிட்டது.

பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். வில்லன் கதவைத் தட்டினான். "வேடையிளை."

இந்த வார்த்தையை அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. சின்னவனுக்குப் பேச்சு வந்த புதிதில், தியேட்டரில் 'இடைவேளை' என்று போட்டதும் அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, "என்ன போட்டிருக்கான் சொல்லு" என்றார். அவன் நாக்கு புரளாமல் "வேடையிளை" என்றான். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அப்பா சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் இடைவேளை என்ற வார்த்தையே செத்துப்போனது. கரண்ட் போனால் வேடையிளை. இரண்டு பிள்ளைகளும் சண்டை போட்டுக் களைத்து உட்கார்ந்தால் வேடையிளை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அப்பாவுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்து பாட்டிலை நர்ஸ் கழற்றியபோதுகூட, "வேடையிளை விட்டிருக்காங்க" என்றார். அந்த வேடையிளை முடியவே இல்லை.

உலகத்தில் இந்த வார்த்தை தெரிந்தவர்கள் நான்கு பேர். அப்பா போய்விட்டார். அவளும் சின்னவனும் போக மிச்சம் ஒரே ஒரு பெண் குரல்.

அம்மாவின் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று பெரியவள் யோசித்தாள். கேட்ட இடம் இதுவா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினாள். இந்தத் தடவை வேலைக்காக அல்ல.

ரிப்போர்ட்டில் 'அருகில் கேட்ட சத்தங்கள்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் அவள் இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை. தம்பி கடை விஷயத்தில்கூட எழுதவில்லை. இப்போது 'பெண் குரல், தெளிவில்லை' என்று அடித்தாள். அடித்துவிட்டு அந்தத் 'தெளிவில்லை'யைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவைத் தட்டி மீசை எட்டிப் பார்த்தார். மீசை என்றால் ஆள்தான், அவருக்கு மீசை கிடையாது. போலீஸில் இருந்தபோது வைத்திருந்தாராம். ரிடையர் ஆனதும் மீசையை எடுத்துவிட்டு இந்தக் கம்பெனியில் விசாரணைக்குச் சேர்ந்தார். பெயர் மட்டும் மழிக்கப்படாமல் தங்கிவிட்டது.

"காதம்மா, கிளம்பு. சீட்டு பாக்கப் போலாம். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போலீஸுக்குப் போகணும். வெளியில ஒருத்தர் சோபாவுல சிலை மாதிரி உக்காந்திருக்கார், பாக்கவே பாவமா இருக்கு."

"வர்றேன் சார்."

"என்ன, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"படம் சோகம் சார்."

"அடப் போம்மா, அது காமெடிப் படம்."

---

சீட்டு பார்ப்பது என்பது கூலி வாங்கிக்கொண்டு நாற்காலி விளையாட்டு ஆடுவது போல. திருட்டுப் பிரதியிலிருந்து ஒரு காட்சியை டேப்லெட்டில் நிறுத்தி எடுத்துக்கொண்டு போவார்கள். காலி அரங்கில் ஒவ்வொரு இருக்கையாக உட்கார்ந்து, திரையின் ஓரமும், வெளியே போகும் வாசல் மேல் எரியும் வெளிவழி விளக்கும் படத்தில் உள்ள அதே கோணத்தில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அதுதான் களவு நடந்த இடம்.

காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே அரங்கு வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பெண்கள் சோளப்பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். விளக்குகள் எல்லாம் எரியும்போது தியேட்டர், கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரிதான் இருக்கிறது.

பெரியவளுக்கு எந்த இருக்கை என்று உள்ளே வரும்போதே தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி. காலை நீட்ட இடம் வேண்டும். அரங்கின் நடுவில் குறுக்கே ஒரு நடைபாதை போகிறது. அதை ஒட்டின வரிசையில் முன்னால் யாருடைய தலையும் மறைக்காது. அதில் வலது ஓரம். அம்மா வேறெங்கும் உட்கார மாட்டாள்.

"இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம் சார்" என்றாள்.

மீசை அவளை ஒரு தரம் பார்த்தார். "படத்துல வெளிவழி விளக்கு எங்க இருக்கு?"

"வலது ஓரத்துல."

"அப்புறம் எதுக்கு இடது பக்கம்?"

"ஒண்ணும் விட்டுடக் கூடாதுன்னு..."

"தூக்கம் பத்தலை உனக்கு. வீட்டுல ஒருத்தர் இருந்தா, போதும் தூங்குன்னு விளக்கை அணைப்பாங்க. உனக்கு அதுக்கும் ஆள் இல்ல." அவர் கிண்டலாகத்தான் சொன்னார். வழக்கமாக அவளும் திருப்பிக் கொடுப்பாள். அன்று டேப்லெட்டைத்தான் கொடுத்தாள்.

மீசை நேராக நடைபாதையை ஒட்டின வரிசைக்குப் போனார். வலது ஓரத்தில் உட்கார்ந்தார். டேப்லெட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி, பக்கத்து இருக்கையின் கைப்பிடி மேல் வைத்தார்.

"இங்க வா. பாரு."

பார்த்தாள். விளக்கு திரையின் ஓரத்தைத் தொட்டும் தொடாமல் நின்றது. படத்தில் இருந்த மாதிரியே.

"பை" என்றார் மீசை. "பக்கத்து சீட்டுல பையை நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு சீட்டையும் சேத்து வாங்கியிருப்பாங்க, பக்கத்துல யாரும் வராம இருக்க. இது இப்பப் புதுசா நடக்குதும்மா. வாலிபப் பசங்களத்தான் வாசல்ல தடவிப் பாக்கறாங்க. அதனால வயசான அம்மாக்கள் கையில பையைக் கொடுத்து அனுப்பறாங்க. பையில சின்னதா ஒரு ஓட்டை. முக்காவாசி அந்த அம்மாக்களுக்கே தெரியாது."

"தெரியாதுன்னா விட்டுருவாங்களா சார்?"

"கோர்ட்டுல போய்ச் சொல்லணும். அதுவரைக்கும் யாரு கையில இருந்துச்சோ அவங்கதான். கொடுத்தவன் பேரைச் சொன்னா தப்பிக்கலாம். ஆனா எந்த அம்மா சொல்லுவா?" முழங்கால் சொடக்குப் போட எழுந்தார். "நான் மேனேஜர்கிட்ட வாசல் கேமராப் படம் கேட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும். மூஞ்சி தெரிஞ்சா வேலை முடிஞ்சுது."

பெரியவள் அந்த இருக்கையையும் அதற்குப் பக்கத்து இருக்கையையும் பார்த்தாள். அம்மா சின்னவனோடு கலகலப்பாக இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தப் பொறாமையில்தான் பாதி நாள் போன் பண்ணாமல் இருந்தாள். பொறாமைப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அம்மா ஒரு பையோடு படம் பார்த்திருக்கிறாள்.

"சார், எனக்கு உடம்பு சரியில்ல. ஒரு மணி நேரம் வெளியில போயிட்டு வரட்டுமா?"

"போ, போ. முகமே சரியில்ல. படம் வந்ததும் போன் பண்றேன்."

---

இரண்டு பஸ் மாறி, மூன்றாவது மாடி ஏறி, சின்னவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த அம்மா இளைத்திருந்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வா. செருப்பை உள்ளயே கழட்டு, வெளியில வச்சா பக்கத்து வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும். சாப்டியா?"

"சாப்டேன்."

"பொய்."

டீ போட்டுக் கொடுத்தாள். வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. அறையின் முக்கால்வாசியைச் சின்னவனின் பெட்டிகளும் வயர்களும் அடைத்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கென்று ஒரு நாற்காலியும், சுவரில் ஒரு ஆணியும், அந்த ஆணியில் ஒரு பழுப்பு நிறக் கைப்பையும் இருந்தன.

"சின்னவன் எங்கம்மா?"

"வருவான். காலையில போனா ராத்திரி. ராத்திரி வந்தா காதுல அதை மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர். ஆனா பாத்துக்கறான்டி. புதுப்படம் வந்தா மொத நாளே டிக்கெட் எடுத்துக் குடுத்துடுவான். பக்கத்து சீட்டும் உனக்குத்தாம்மா, வசதியா உக்காருன்னு ரெண்டு எடுப்பான். வண்டியில கொண்டுபோய் விடுவான். முடிஞ்சதும் வந்து நின்னு, 'எப்படிம்மா இருந்துச்சு?'ம்பான். வாரம் பூரா அவன் என்கிட்டக் கேக்கற கேள்வி அது ஒண்ணுதான்."

பெரியவள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எப்படி உடைப்பது?

"வெள்ளிக்கிழமை பாத்தியே, அந்தப் படம் எப்படி இருந்துச்சு?"

"கூத்து. அந்த ஹீரோ சண்டைக்கு முன்னால சட்டையைக் கழட்டி, மடிச்சு, ஓரமா வைக்கிறான். நாலு பேரு கட்டையோட நிக்கிறாங்க. எவனாவது மடிச்சு வைப்பானா?"

"அது அவன் தங்கச்சி தச்ச சட்டைம்மா. ஆரம்பத்துலயே காட்டுவாங்க."

"அப்படியா? எப்பக் காட்டினாங்க?"

"பேரு போடும்போதே. தையல் மெஷின் ஓடுமே."

"அப்ப நான் கண்ணாடியைத் தேடிட்டு இருந்தேன்." அம்மா சிரித்தாள். "அதானே பாத்தேன். அந்த மாமாக்காரன் மட்டும் நல்லா நடிச்சான்."

"ஏணியில ஏறிட்டு எறங்க மாட்டேம்பானே."

"கீழ நிக்கறவன் டீயைக் குடிச்சுட்டே, 'மெதுவா வா மாமா, அவசரமில்ல'ம்பான்!"

இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். இந்த இரண்டு பெண்களும் ஒன்றாக ஒரு படத்தைப் பற்றிப் பேசி இரண்டு வருஷம் இருக்கும். பெரியவளுக்கு அப்படியே எழுந்து போய்விடலாம், ரிப்போர்ட்டும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம் என்று இருந்தது. ஆனால் சிரிப்பு ஓய்ந்ததும் பை ஆணியில்தான் தொங்கியது.

எழுந்துபோய் எடுத்தாள். பையின் முன்பக்கம் வரிசையாகக் கறுப்புப் பொத்தான்கள். அலங்காரத்துக்கு. நடுவில் இருந்த பொத்தானை விரலால் தடவினாள். மற்றவை பிளாஸ்டிக். இது கண்ணாடி.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பதறக் கூடாது."

"அந்த நடுப் பொத்தான்தானே? தெரியும்."

பெரியவள் திரும்பினாள்.

"ரெண்டாவது படத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள் அம்மா. "உள்ள குடையும் மூக்குப்பொடி டப்பா அளவுல ஒரு மெஷினும் இருந்தா, தூக்கறவளுக்கு கனம் தெரியாதா? அவன் அதை லைனிங்குல வச்சுத் தச்சிருந்தான். தையல் கோணல். அவனுக்கு சின்ன வயசுலேர்ந்தே தையல் வராது."

"தெரிஞ்சுமா போன?"

"போகாட்டி என்ன பண்ண? அந்த ஒரு கேள்வியும் நின்னுபோயிடும்."

பெரியவள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஒரு நாள் யோசிச்சேன். திருட்டுப் படத்தை எல்லாம் நீதானே உக்காந்து கேக்கற? இருமினாக்கூட விட மாட்டேன்னு நீயே சொல்லியிருக்க. சரி, போன்ல பிடிச்சா மீட்டிங்கும்ப. வேற எப்படித்தான் உன்னைக் கூப்பிடறது? அந்தப் பையைப் பாத்துச் சொன்னேன். ஒவ்வொரு படத்துலயும் சொன்னேன். நம்ம வீட்டு வார்த்தையாச் சொன்னா நீ மட்டும்தான் கண்டுபிடிப்பேன்னு." அம்மா கொஞ்சம் கோபமாகவே கேட்டாள். "மூணு படமாச் சொல்றேன். உனக்கு இப்பத்தான் கேட்டுச்சா?"

"முந்தின ரெண்டு படத்துலயும் நெட்டுல போட்டவங்க சத்தத்தை எடுத்துட்டாங்கம்மா. வேற நல்ல சத்தத்தைப் பதிச்சுத்தான் போட்டாங்க. இதைத்தான் அவசரத்துல அப்படியே போட்டுட்டாங்க."

"அப்ப நான் பேசினதை எல்லாம்?"

"அழிச்சுட்டாங்க."

"ஓ" என்றாள் அம்மா. டீ டம்ளரை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாள். "அப்ப யாருக்குமே கேக்கலையா?"

பெரியவள் சட்டத்தை நினைத்துப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சட்டத்தில் எதையும் அனுமதி இல்லாமல் நகல் எடுப்பது குற்றம். அழிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"அம்மா, தியேட்டர் வாசல் படம் வந்துடும். உன் முகம் தெரிஞ்சுடும். போலீஸ் வரும். கேட்டா, பையை அவன்தான் குடுத்தான்னு உள்ளதைச் சொல்லிடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"அவனை?"

பெரியவள் மடியிலிருந்த பையைப் பொத்தான் தெரியாதபடி திருப்பி வைத்தாள்.

பூட்டில் சாவி திரும்பியது. சின்னவன் உள்ளே வந்தான். கையில் இரண்டு டிக்கெட். "அம்மா, வர்ற வெள்ளிக்கிழமை..." என்று ஆரம்பித்தவன், அக்காவையும், அக்காவின் மடியில் இருந்த பையையும் பார்த்து நின்றான்.

"என்ன, ரெய்டா?"

"அம்மா கையில எதுக்குடா குடுத்த?"

"அம்மாவை யாரு செக் பண்ணப் போறா? அம்மாக்களை எல்லாம் யாரும் நிமிந்துகூடப் பாக்கறதில்ல." சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. குரலை உயர்த்தினான். "எனக்கு இருந்தது ஒரு கடை. அதுல பூட்டைத் தொங்கவிட்டுட்ட. எனக்கு இதைத் தவிர வேற என்ன தெரியும்? வேற எவன் வேலை குடுத்தான்?"

"அதுக்கு அம்மாவை ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"நீ எப்பவும் அதான் நெனப்ப."

"நீ எப்பவும் எழுதுவ. இப்பவும் எழுது, போ!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் அம்மா. அவர்கள் சின்ன வயதில் கேட்ட அதே குரல். இருவரும் நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில் பெரியவளின் போன் அடித்தது. மீசைக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடக் கேட்டிருக்கும்.

"காதம்மா, படம் வந்துடுச்சு. மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது. பழுப்புக் கலர் பை. வயசான அம்மா." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. அப்படியே உன் ஜாடையா இருக்கும்மா."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரிப்போர்ட்டில் எழுதிய அந்த ஒரு பொய் இன்னும் அனுப்பப்படவில்லை. ஆம் என்றால் அம்மா மாட்டுவாள். இல்லை என்றால் இன்று தப்பிக்கலாம், நாளைக்கு மீசையே படியேறி வருவார்.

"அது எங்க அம்மா சார்" என்றாள்.

முதன்முறையாக, மீசை மெதுவாகப் பேசினார்; அந்தச் சின்ன அறையில் அதுவும் எல்லோருக்கும் கேட்டது. "ரிப்போர்ட்டு இனிமே உன் கையால போகக் கூடாது. அதை நான் பாத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பையை அவங்ககிட்டக் குடுத்தது யாரு?"

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். சின்னவன் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தான்.

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"வணக்கங்க. நான்தான் அவ அம்மா. யாரும் குடுக்கலை. பை என்னோடது. நான்தான் வாங்கினேன், நான்தான் எடுத்தேன்."

"ஏம்மா, அதுல கேமரா வைக்க உங்களுக்குத் தெரியுமா?"

"கத்துக்கிட்டேங்க."

"யாருகிட்ட?"

"தனியா இருக்கறவளுக்கு நேரத்துக்கு என்னங்க பஞ்சம்? நானாத்தான் கத்துக்கிட்டேன்."

மீசை நீளமாக மூச்சு விட்டார். "அம்மா, நீங்களே ஸ்டேஷனுக்கு வந்துட்டீங்கன்னா நல்லது. வீட்டு வாசல்ல வண்டி வந்து நின்னா அக்கம்பக்கத்துல நல்லா இருக்காது."

"வர்றேங்க" என்று சொல்லி, போனைப் பெரியவளிடம் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டுச் சின்னவனைப் பார்த்தாள். திட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். 'அது பொய்ம்மா, நான்தான்' என்று அவன் சொல்வதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மாடிப்படியில் யாரோ பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

அம்மா திரும்பினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஆணியில் கை வைத்தாள், பை அங்கே இல்லை. பெரியவளின் மடியிலிருந்து அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் செருப்பைப் போட்டாள். வலிக்கிற கால். முகம் சுளித்தது.

மறு செருப்பைப் போடாமல் அப்படியே நின்று, இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக் கேட்டாள்.

"படத்துக்குத்தான் யாரும் வரலை. ஸ்டேஷனுக்காவது என்கூட ஒருத்தர் வருவீங்களா?"